இளம் ரன்னிங் பேக்கின் நாளைய மதிப்பெண் – ஒரு கணக்குப் பாடம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



ஒரு லேத் மெஷின் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் கொடுக்கும் என்று கேட்டால் நம்மில் யாரும் பதில் சொல்லிவிடுவோம். ஸ்பீடு, ஃபீடு, ஜாப்பின் நீளம் தெரிந்தால் போதும். ஆனால் 21 வயதுப் பையன் ஒருவன் அடுத்த வருஷம் எத்தனை கெஜம் ஓடுவான் என்று கேட்டால்? அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் மாதம் வந்தால் லட்சக்கணக்கான பேர் இந்தக் கேள்வியோடுதான் பேப்பரும் பேனாவுமாக உட்காருகிறார்கள். அவர்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் ஃபேன்டஸி ஃபுட்பால். அதாவது கற்பனை அணி ஆட்டம்.

இந்த ஆட்டத்தை நான் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. போனில் பார்த்ததுதான். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. போகப் போக ஆட்டத்தைவிட அதன் பின்னால் இருக்கும் கணக்கு பிடித்துப் போயிற்று. நாம் வகுப்பில் படிக்கிற உற்பத்திக் கணக்குக்கும், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை

நாம் கால்பந்து என்று சொல்வதை அமெரிக்கர்கள் சாக்கர் என்கிறார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூராக நீள்வட்டமாக இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு மோதுவார்கள். மைதானத்தின் நீளம் 100 கெஜம். இரண்டு முனையிலும் 10 கெஜத்துக்கு ஒரு எல்லைக் கட்டம் உண்டு.

பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன். அதற்கு 6 புள்ளி.

பந்தை வாங்கி, ஒன்று எறிகிறவர் அல்லது பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கிறவர் குவார்ட்டர்பேக். அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரிகள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். கபடியில் பாடிப் போகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் சேர்ந்து அமுக்குவதற்குள் அவன் கோட்டைத் தொட வேண்டும். ரன்னிங் பேக்குக்கும் அதே கதிதான். ஒரு ஆட்டத்தில் பதினைந்து, இருபது தடவை! அவருக்கு வழி திறந்து விடுவதற்காக முன்வரிசையில் 5 தடியர்கள் நிற்பார்கள். இவர்களுடைய பெயர் ஸ்கோர் ஷீட்டில் வராது. ஆனால் கணக்கில் வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

என்.எஃப்.எல். என்ற பெரிய போட்டியில் 32 அணிகள் ஆடுகின்றன. 2021 முதல் ஒரு சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டங்கள்.

2. கற்பனை அணி என்றால் என்ன?

1962-ல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியோடு வெளியூர் போயிருந்தபோது நியூயார்க் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து நண்பர்களோடு சேர்ந்து இதற்கு விதிமுறை எழுதினார். 1963-ல் ஓக்லாண்டில் முதல் ஆட்டம் தொடங்கியது.

விஷயம் இவ்வளவுதான். 10 அல்லது 12 நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்வார்கள். சீசன் தொடங்கும் முன் நிஜ ஆட்டக்காரர்களை ஒருவர் மாற்றி ஒருவர் பெயர் சொல்லி எடுப்பார்கள். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு மைதானத்தில் அந்த ஆட்டக்காரர் செய்வதெல்லாம் எடுத்தவர் கணக்கில் புள்ளியாக ஏறும். பரவலாக உள்ள ஒரு புள்ளி முறை இது:

ஓடியது அல்லது பாஸ் பிடித்து முன்னேறியது, 10 கெஜத்துக்கு – 1 புள்ளி
எறிந்த பந்தைப் பிடித்தால், ஒவ்வொரு பிடிக்கும் – 1 புள்ளி
டச்டவுன் ஒன்றுக்கு – 6 புள்ளி
பந்தை நழுவவிட்டு எதிரணியிடம் இழந்தால் – 2 புள்ளி கழிவு

கணக்கு எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக, கீழே வரும் உதாரணங்களில் நழுவவிட்ட கழிவையும் வேறு சில்லறைப் புள்ளிகளையும் விட்டுவிட்டேன்.

3. முதல் உதாரணம்: பிஜான் ராபின்சன்

பிஜான் ராபின்சன் 2002 ஜனவரி 30-ல் பிறந்தவர். அரிசோனா மாநிலம் டூசான் ஊர்க்காரர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 2022-ல் 258 ஓட்டங்களில் 1,580 கெஜம் ஓடி 18 டச்டவுன் போட்டார். கல்லூரி அளவில் சிறந்த ரன்னிங் பேக்குக்குத் தரும் டோக் வாக்கர் விருது அந்த வருஷம் அவருக்கே. 2023-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அவரை நாட்டிலேயே 8-வது ஆளாகத் தேர்வு செய்தது. கற்பனை அணிக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு முதல் சுற்றிலேயே அவரை எடுத்தார்கள்.

அந்த முதல் சீசனில் 17 ஆட்டங்களில் அவர் செய்தது:

ஓட்டம் 214, கெஜம் 976, டச்டவுன் 4
பிடி 58, கெஜம் 487, டச்டவுன் 4

புள்ளி: 97.6 + 48.7 + 58 + (8 × 6 = 48) = 252.3

ஆட்டத்துக்குச் சராசரி 14.8. இது மோசமில்லை. ஆனால் முதல் சுற்றில் எடுத்தவர்களுக்குத் திருப்தி இல்லை. அந்த அணியில் டைலர் அல்ஜியர் என்ற இன்னொரு ரன்னிங் பேக் இருந்தார். அவர் 2022-ல் 1,035 கெஜம் ஓடியவர். சாதாரண ஆள் இல்லை. பயிற்சியாளர் ஆர்தர் ஸ்மித் இருவருக்கும் பந்தைப் பகிர்ந்து கொடுத்தார். அல்ஜியருக்கு 2023-ல் 186 ஓட்டம். போதாக்குறைக்கு, 2023 அக்டோபரில் டாம்பா பே அணியோடு நடந்த ஆட்டத்தில் ராபின்சனுக்கு உடம்பு சரியில்லை. ஒரே ஒரு தடவைதான் பந்தோடு ஓடினார். அவருக்கு உடல்நலம் இல்லாததை அணி முறைப்படி அறிவிக்கவில்லை என்று போட்டி நிர்வாகம் பின்னர் அபராதமே போட்டது.

இப்போது நாம் 2023 சீசன் முடிந்த நாளில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வி: 2024-ல் இந்தப் பையன் எத்தனை புள்ளி எடுப்பான்?

4. கணிக்கும் முறை

பலர் செய்வது என்ன? மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து, “252 எடுத்தான், வயசுப் பையன், கொஞ்சம் கூட எடுப்பான்” என்று சொல்லிவிடுவார்கள். அது ஜோசியம். நாம் மொத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒர்க் ஷாப்பில் ஒரு மெஷின் குறைவாக உற்பத்தி கொடுத்தால் முதலில் என்ன கேட்போம்? மெஷின் ஓடிய நேரம் எவ்வளவு, ஓடிய நேரத்தில் மணிக்கு எத்தனை பீஸ் வந்தது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்போம். இங்கேயும் அப்படியே.

மொத்தப் புள்ளி = பந்து கைக்கு வந்த தடவைகள் × ஒரு தடவைக்குக் கிடைத்த புள்ளி

ராபின்சனுக்கு 2023-ல் 214 ஓட்டம் + 58 பிடி = 272 தடவை.
252.3 ÷ 272 = 0.93 (ஏறக்குறைய)

ஆக அவர் கைக்குப் பந்து வந்தால் தடவைக்கு 0.93 புள்ளி. இனி கேள்வி சுருங்கிவிட்டது. அடுத்த வருஷம் எத்தனை தடவை பந்து வரும்?

2024 ஜனவரியில் ஆர்தர் ஸ்மித்தை அணி நீக்கியது. ரஹீம் மோரிஸ் புதிய தலைமைப் பயிற்சியாளராக வந்தார். மார்ச்சில் கிர்க் கசின்ஸ் என்ற அனுபவசாலியை குவார்ட்டர்பேக்காகக் கொண்டு வந்தார்கள். தேர்வில் 8-வது இடத்தைச் செலவழித்து எடுத்த ஆளைப் புதிய நிர்வாகம் பாதி நேரம் உட்கார வைக்காது என்று எதிர்பார்ப்பது நியாயம். எனவே ஒரே விடை சொல்லாமல் நாலு விடை சொல்ல வேண்டும்:

(அ) பழைய நிலைமையே தொடர்ந்தால்: 272 × 0.93 = 253
(ஆ) பங்கு ஓரளவு கூடினால்: 320 × 0.93 = 298
(இ) முழுப் பொறுப்பும் வந்தால்: 350 × 0.93 = 325
(ஈ) அடிபட்டு 10 ஆட்டம் மட்டும் ஆடினால், ஆட்டத்துக்கு 20 தடவை வீதம்: 200 × 0.93 = 186

186-லிருந்து 325 வரை! இவ்வளவு அகலமாகச் சொன்னால் அது என்ன கணிப்பு என்று கேட்பீர்கள். இந்த அகலம்தான் நேர்மையான பதில். ஷாஃப்டின் விட்டத்தை அளந்தால்கூட நாம் டாலரன்ஸ் எழுதுகிறோம். மனுஷனுக்கு டாலரன்ஸ் இல்லாமல் எழுதலாமா?

5. நடந்தது என்ன?

2024 சீசனில் ராபின்சன் 17 ஆட்டமும் ஆடினார்.

ஓட்டம் 304, கெஜம் 1,456, டச்டவுன் 14
பிடி 61, கெஜம் 431, டச்டவுன் 1

புள்ளி: 145.6 + 43.1 + 61 + (15 × 6 = 90) = 339.7

மொத்தத் தடவை 304 + 61 = 365. நம்முடைய பெரிய மதிப்பீட்டையும் தாண்டிவிட்டது. இப்போது பழைய 0.93-ஐப் போட்டுப் பாருங்கள்.

365 × 0.93 = 339.5
உண்மையில் வந்தது 339.7

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்துப் படியுங்கள். 2023-ல் ஏமாற்றிவிட்டான் என்று சொன்ன அதே பையன், 2024-ல் நாயகன் என்று கொண்டாடப்பட்டான். ஆனால் ஒரு தடவைக்கு அவர் கொடுத்த புள்ளி இரண்டு வருஷமும் ஏறத்தாழ ஒன்றேதான்! மாறியது அவர் கைக்குப் பந்து வந்த எண்ணிக்கை. ஃபால்கன்ஸின் இந்த இரண்டு ரன்னிங் பேக்குகளும் ஓடிய ஓட்டங்களைக் கூட்டினால் 2023-ல் 400. அதில் ராபின்சன் பங்கு 53.5 சதவீதம். 2024-ல் அல்ஜியர் 137, ராபின்சன் 304, ஆக 441. அவர் பங்கு 68.9 சதவீதம்.

கூடுதலான 87.4 புள்ளி எங்கிருந்து வந்தது என்றும் பிரித்துப் பார்த்தேன்.

டச்டவுன் 7 கூடியதால் – 42.0
ஓடிய கெஜம் 480 கூடியதால் – 48.0
பிடி 3 கூடியதால் – 3.0
பிடித்து ஓடிய கெஜம் 56 குறைந்ததால் – கழிவு 5.6
ஆகக் கூடுதல் – 87.4

480 கெஜத்தையும் மேலும் பிரிக்கலாம். 2023-ல் ஒரு ஓட்டத்துக்கு 4.56 கெஜம் ஓடினார். அதே வேகத்தில் கூடுதலான 90 ஓட்டங்களுக்கு 410 கெஜம் வந்துவிடும். ஓட்டத்துக்கான சராசரி 4.79 ஆக உயர்ந்ததால் வந்தது மீதி 70 கெஜம் மட்டும். ஏழில் ஆறு பங்கு, வாய்ப்பு கூடியதால் வந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, இந்த 0.93 எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. ஒருத்தன் குறைவாக எடுத்திருக்கிறான் என்றால் அவனிடம் திறமை குறைவா, இல்லை அவன் கைக்குப் பந்து வரவில்லையா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டச்டவுன் எண்ணிக்கையை ரொம்ப நம்பக் கூடாது. எல்லைக்கு ஒரு கெஜம் முன்னால் பந்து நிற்கும்போது யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். 8 டச்டவுன் 15 ஆனதைப் பார்த்து அடுத்த வருஷம் 22 என்று எழுதுகிறவன் ஏமாறுவான். பந்து வந்த தடவைகள்தான் கணக்கின் அஸ்திவாரம். டச்டவுன் மேலே போடும் பூச்சு.

6. இரண்டாவது உதாரணம்: டாட் கர்லி

“அப்படியானால் பந்து நிறைய கொடுத்தால் போதும், எல்லாம் வந்துவிடுமா?” என்று யாராவது கேட்கலாம். இல்லை. அதற்கு டாட் கர்லி என்பவரின் கதையைப் பார்ப்போம்.

1994-ல் பிறந்த கர்லியை 2015-ல் ராம்ஸ் அணி 10-வது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் 13 ஆட்டங்களிலேயே 1,106 கெஜம் ஓடி, தாக்குதல் பிரிவில் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வாங்கினார். அடுத்த இரண்டு சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

2016: ஓட்டம் 278, கெஜம் 885, டச்டவுன் 6, பிடி 43, கெஜம் 327
2017: ஓட்டம் 279, கெஜம் 1,305, டச்டவுன் 13, பிடி 64, கெஜம் 788, டச்டவுன் 6

ஓட்டம் 278, 279. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! ஆனால் கெஜம் 420 கூடிவிட்டது. நம் முறைப்படி புள்ளி போட்டால் 2016-ல் 200.2, 2017-ல் 387.3. மொத்தத் தடவை 321-லிருந்து 343 ஆகத்தான் கூடியது. தடவைக்குக் கிடைத்த புள்ளியோ 0.62-லிருந்து 1.13.

ஆள் அதே ஆள். கால் அதே கால். பிறகு எது மாறியது? 2017-ல் ஷான் மெக்வே என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். அப்போது அவருக்கு வயது 30தான். முன்வரிசைக்கு ஆண்ட்ரூ விட்வொர்த், ஜான் சல்லிவன் என்ற இரண்டு அனுபவசாலிகளைக் கொண்டு வந்தார்கள். முன்பு சுவரில் முட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது கதவு திறந்தது. பாஸ் பிடித்து ஓடும் வேலையும் கூடுதலாகக் கிடைத்தது. ஸ்கோர் ஷீட்டில் பெயர் வராதவர்கள் கணக்கில் வருவார்கள் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான்.

எனவே நம் சூத்திரத்தில் இரண்டாவது உறுப்பு, அதாவது தடவைக்குக் கிடைக்கும் புள்ளி, அந்த ஆட்டக்காரரின் சொந்தச் சொத்து மட்டும் அல்ல. பாதி அவருடையது. பாதி அவரைச் சுற்றி நிற்பவர்களுடையது. ராபின்சனுக்கு அது இரண்டு வருஷமும் மாறாமல் நின்றது. கர்லிக்கு ஒரே வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. இளம் ரன்னிங் பேக்கை எடைபோடும்போது அவருடைய முன்வரிசை மாறுகிறதா, பயிற்சியாளர் மாறுகிறாரா என்று கேட்காமல் எண் எழுதக் கூடாது.

7. தேய்மானம்

இனி நம் துறைக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் பொறியாளர் வோலர், ரயில் வண்டிகளின் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்தார். ஒரே தடவை ஏற்றினால் தாங்கக்கூடிய பாரத்தை, திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் இரும்பும் ஒரு நாள் விரிசல் விடும் என்று காட்டினார். ஃபெடிக் என்று நாம் படிப்பது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே விரிசல் வளர்ந்துகொண்டிருக்கும்.

கர்லியின் நான்கு வருஷக் கணக்கு இது. 2015-ல் 250 தடவை, 2016-ல் 321, 2017-ல் 343, 2018-ல் 315. மொத்தம் 1,229. ஒவ்வொரு தடவையின் முடிவிலும் அநேகமாக ஒரு மோதல் உண்டு. அதற்கு முன்பே, 2014 நவம்பரில் கல்லூரி ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது.

2018 ஜூலையில் 4.5 கோடி டாலர் உத்தரவாதத்தோடு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த சீசனிலும் 14 ஆட்டங்களில் 21 டச்டவுன். கற்பனை அணிக்காரர்களுக்குத் தங்கச் சுரங்கம்! ஆனால் சீசனின் கடைசியில் முழங்கால் தொல்லை கொடுத்தது. 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் அவருக்கு 10 ஓட்டம். கிடைத்தது 35 கெஜம். 2019-ல் 857 கெஜம். 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தது. பிறகு அவர் போய்ச் சேர்ந்ததும் அட்லாண்டா ஃபால்கன்ஸ்தான். அங்கே 2020-ல் 678 கெஜம். அதற்குப் பிறகு என்.எஃப்.எல்.லில் அவர் ஆடவில்லை. கடைசி ஆட்டம் ஆடியபோது வயது 26.

26 வயது! நம்மில் பலர் அந்த வயதில்தான் முதல் வேலையில் கால் ஊன்றியிருப்போம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆனால்தான் ஒருவர் என்.எஃப்.எல். தேர்வுக்கு வரலாம். எனவே உள்ளே நுழையும்போதே 21, 22 வயது. முதல் சுற்றில் தேர்வானவருக்கு 4 வருஷ ஒப்பந்தம். அணி விரும்பினால் 5-வது வருஷமும் நீட்டிக்கலாம். முதல் 3 சீசன் முடியும் வரை புதிய ஒப்பந்தம் பேசவே முடியாது. அதாவது கால் நன்றாக ஓடுகிற வருஷங்களில் பேரம் பேசும் உரிமை கையில் இல்லை. உரிமை வரும்போது, “இவன் ஏற்கெனவே தேய்ந்திருப்பான்” என்று அணிகள் கணக்குப் போடுகின்றன. எந்த எண்ணிக்கையைப் பார்த்து நாம் புள்ளி கொடுக்கிறோமோ, அதே எண்ணிக்கையைக் காட்டிச் சம்பளம் குறைக்கிறார்கள்! 2023 ஜூலையில் முன்னணி ரன்னிங் பேக்குகள் சிலர் இதைப் பற்றிப் பேச இணையவழியில் கூடினார்கள்.

ஆனாலும் மனித உடம்பு இரும்பு இல்லை. இரும்பில் விழுந்த விரிசல் தானாக ஆறாது. தசை ஓய்வில் ஆறும். எல்லோருக்கும் ஒரே வயதில் முடிவு என்று சட்டமும் இல்லை. ஃபிராங்க் கோர் என்பவருக்குக் கல்லூரியிலேயே இரண்டு முழங்காலும் அடிபட்டிருந்தது. அதனால் 2005 தேர்வில் மூன்றாவது சுற்றில்தான் எடுத்தார்கள். அவர் 2020 வரை 16 சீசன் ஆடி, சரியாக 16,000 கெஜம் ஓடினார். எனவே தேய்மானத்தைத் தீர்ப்பாக எழுதாமல் ஆபத்தாக எழுத வேண்டும். நாலாவது விடை என்று (ஈ) போட்டோமே, அதன் இடம் அதுதான்.

8. நினைவில் கொள்ள வேண்டியவை

இளம் ரன்னிங் பேக் ஒருவரின் அடுத்த சீசனைக் கணிக்கும்போது இந்த வரிசையில் கேளுங்கள்:

1. போன வருஷம் எத்தனை தடவை பந்து கைக்கு வந்தது? ஓட்டத்தையும் பிடியையும் சேர்த்து எண்ணவும்.
2. தடவைக்கு எத்தனை புள்ளி? மொத்தத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.
3. அதே அணியில் பங்கு கேட்க வேறு யார் இருக்கிறார்? அவர் போகிறாரா, புதிதாக ஒருவர் வருகிறாரா?
4. பயிற்சியாளர், குவார்ட்டர்பேக், முன்வரிசை ஐவர் – இவர்களில் மாற்றம் உண்டா?
5. பாஸ் பிடிப்பாரா? அணி பின்தங்கும்போது ஓட்டம் குறையும், எறிதல் கூடும். பிடிக்கத் தெரிந்தவருக்கு அப்போதும் வேலை உண்டு.
6. டச்டவுன் எண்ணிக்கை அளவுக்கு மீறியோ மிகக் குறைந்தோ இருந்தால் அதை நடுநிலைக்குக் கொண்டுவந்து கணக்கிடவும்.
7. பழைய காயம் என்ன, இதுவரை தாங்கிய பாரம் எவ்வளவு?
8. ஒரே விடை எழுதாமல் குறைந்தது மூன்று விடை எழுதவும்.

9. முடிவுரை

அமெரிக்காவில் நண்பர்கள் கூடிச் சும்மா ஆடுவதும் உண்டு, பணம் கட்டி ஆடுவதும் உண்டு. நம் நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் சட்டம் இயற்றியது. நான் இங்கே எழுதியது கணக்குக்காக மட்டும். மேலே உள்ள நாலு விடையையும் பார்த்தவர்களுக்கு, இதில் வீட்டுப் பணத்தை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

புள்ளிக் கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு ஆட்டக்காரர் அடிபட்டால் “என் டீம் போச்சே” என்றுதான் முதலில் வாயில் வரும். ஆனால் போனது ஒரு பையனின் முழங்கால். கணக்கில் எண்ணாக வருகிறவர்கள் எல்லாம் ஆட்கள் என்பதை, நாளைக்கு ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசராக நிற்கப் போகும் நாம் மறக்கக் கூடாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு பயிற்சிக் கணக்கு. சாக்வான் பார்க்லி 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 247 ஓட்டத்தில் 962 கெஜம் ஓடினார். 2024-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு மாறி, 27 வயதில், 345 ஓட்டத்தில் 2,005 கெஜம் ஓடினார். கூடிய 1,043 கெஜத்தில் ஓட்டம் கூடியதால் வந்தது எவ்வளவு, ஓட்டத்துக்கான சராசரி கூடியதால் வந்தது எவ்வளவு?

விடை: ஓட்டம் கூடியதால் சுமார் 382 கெஜம். சராசரி 3.9-லிருந்து 5.8 ஆக உயர்ந்ததால் சுமார் 661 கெஜம்.

இவரும் ராபின்சன் வகையா, கர்லி வகையா? சராசரி ஏன் உயர்ந்தது என்று முன்வரிசையில் தேடிப் பாருங்கள். அடுத்த இடைவேளையில் கேன்டீன் பெஞ்சில் பேசுவோம்.